அப்பாவின் டைரியும் என் ட்ரியோவும்

மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. தை மாதம் உனக்கு 60 முடிகிறது என்று படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கட்டாயம் வருகிறேன், டிக்கெட்டும் பார்க்கச் சொல்லியாகிவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு மூட்டுவலிதான் கொஞ்சம், பிசியோதெரபி போகிறேன், இப்போது பரவாயில்லை.

அப்பாவோட பழைய சிநேகிதர்களை எல்லாம் அறுபதாம் கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டும், அவர் டைரி எங்கே போனதென்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்ததும் எழுந்து போய் கராஜில் இருக்கிற அட்டைப்பெட்டிகளைக் கிளற ஆரம்பித்துவிட்டேன். 2005 பொங்கலுக்கு வந்தபோது என் கையில் ஒரு போன் இருந்ததே, ட்ரியோ 600, ஞாபகம் இருக்கா? தலையில் குட்டையாக ஒரு ஆன்டெனா, கீழே அரிசி அரிசியாய் எழுத்துப் பட்டன்கள். அப்பா அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "இது போனா கால்குலேட்டராடா?" என்று கேட்டார். ரெண்டும்தான்ப்பா என்றேன். அது உண்மையும்கூட.

அதைப் பற்றி உன்னிடம் அப்போது நிறையப் பேசவில்லை, இப்போது சொல்கிறேன். அதற்கு முன்னாலும் போனையும் கம்ப்யூட்டரையும் ஒன்றாக்கிப் பார்த்தவர்கள் உண்டு. ஐபிஎம் 1994-லேயே சைமன் என்று ஒன்றை விற்றது, தொடுதிரையோடு, ஆனால் அரைக் கிலோ எடை. 1996-ல் நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் வந்தது, பென்சில் பாக்ஸ் மாதிரி திறந்தால் உள்ளே முழுக் கீபோர்டு, 397 கிராம். இரண்டும் பெரிய சாதனைகள்தான், ஆனால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. ட்ரியோவைச் செய்தவர்கள் பையிலிருந்து யோசித்தவர்கள். ஜெஃப் ஹாக்கின்ஸ் என்று ஒருவர், பாம் கம்பெனியின் முதல் கையடக்கக் கருவியான பாம் பைலட்டைச் செய்வதற்கு முன்னால் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி அதைத் தூக்கிக்கொண்டே திரிந்தாராம். யாராவது இந்தத் தேதி ஒழியுமா என்று கேட்டால், கட்டையை எடுத்து, சீவிய குச்சியால் அதன் மேல் தட்டி, நாள் பார்ப்பது போலச் செய்வாராம். அந்தக் கட்டை மவுண்டன் வியூவில் இருக்கிற கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன், வெறும் மரத்துண்டு, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

பைலட் 1996-ல் வந்தது. 1998-ல் அவரும் டோனா டூபின்ஸ்கியும் எட் காலிகனும் பாமை விட்டு வெளியே வந்து ஹேண்ட்ஸ்பிரிங் என்று தனியாகத் தொடங்கினார்கள். முதலில் வைசர் என்கிற கையடக்கக் கருவி, அதன் முதுகில் ஒரு செருகு துவாரம், அதில் போனையே ஒரு துண்டாகச் செருகிப் பார்த்தார்கள். பிறகுதான் 2002-ல் ட்ரியோ. குச்சியால் கிறுக்கி எழுதும் கிராஃபிட்டி எழுத்துமுறைதான் பாமுக்கே பேர் வாங்கிக் கொடுத்தது, ஆனாலும் ட்ரியோவில் கீபோர்டு வைத்தார்கள். தான் கண்டுபிடித்ததையே ஒதுக்கி வைக்க ஒரு மனசு வேண்டும், மாப்ளே. 600 வந்தது 2003-ல். அதன் மண்டையில் சின்னதாக ஒரு ஸ்விட்ச், தள்ளினால் போன் ஊமை. கோவிலுக்குள் நுழையும்போது பைக்குள்ளேயே கையை விட்டு, பார்க்காமல் தள்ளிவிடலாம். எத்தனை தட்டில் ஒரு வேலை முடிகிறது என்று எண்ணி எண்ணிச் செய்தவர்கள் அவர்கள்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குச் சாயங்காலம் நீ கடைக்குப் போயிருந்தாய். திண்ணையில் அவர் ரப்பர் பேண்ட் போட்ட டைரியை எடுத்து வந்து, இதில் இருக்கிற நம்பரையும் உன் மெஷினில் ஏற்ற முடியுமா என்றார். அவர் வாசிக்க வாசிக்க நான் கட்டைவிரல்களால் அடித்தேன், தமிழ் கிடையாது, எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். அதில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்கேது குடும்பப் பெயர்? நான் இனிஷியலைப் போடலாமா என்று விழித்தபோது அவர் சொன்னார்: "ஊரைப் போடுடா. திருவாரூர் மணியா கொரடாச்சேரி மணியாங்கிறதுதானே கேள்வி." ட்ரியோவில் தேடும் முறையே பெயரின் முதல் எழுத்து, அடுத்து குடும்பப் பெயரின் முதல் எழுத்து. எம், டி என்று இரண்டு பட்டன் தட்டினேன், மணி திருவாரூர் வந்து நின்றார். எம், கே தட்டினேன், கொரடாச்சேரிக்காரர். அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கலிபோர்னியாவில் யாரோ யோசித்து வைத்ததும் அவர் 40 வருஷமாக டைரியில் ஊர்வாரியாக எழுதி வந்ததும் சரியாகப் பொருந்திவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை என் போனில் எல்லா மாமாக்களும் ஊரோடுதான் இருக்கிறார்கள்.

நேற்றைக்குப் பெட்டியில் ட்ரியோ கிடைத்தது, சார்ஜரும் கூடவே. மாட்டி அரை மணி நேரம் கழித்துத் திரை விழித்தது. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. குறியைத் தொடு என்று புதுப் போன் மாதிரி கேட்கிறது. அந்த மாடலில் நாம் ஏற்றுவதெல்லாம் மின்சாரம் இருக்கும்வரைதான் நிற்கும், பேட்டரி முழுசாக இறங்கினால் எல்லாம் அழிந்துவிடும். 2004 கடைசியில் வந்த 650-ல்தான் அது மாறியது. நான் இத்தனை வருஷம் பெட்டியில் போட்டுவைத்தால் எப்படி இருக்கும்?

ஆனால் அதற்குத்தான் ஹாட்சிங்க் என்று ஒன்று வைத்திருந்தார்கள். கேபிளில் ஒரு பட்டன், அழுத்தினால் போனில் இருக்கிறது எல்லாம் நம் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். நம் மேஜையில், நம் கையில். இப்போது என் விலாசங்கள் எந்த ஊர்க் கட்டிடத்தில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது, அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. (ட்ரியோ செய்த கம்பெனி அப்புறம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. அவர்கள் கடைசியாகச் செய்த வெப் ஓஎஸ் என்கிற இயங்குதளம் இன்று எல்ஜி டிவிகளில் ஓடுகிறது. உன் வீட்டு டிவி எல்ஜியா என்ன?)

அன்றைக்கு ராத்திரியே அப்பா கேட்டார், போன் தொலைந்தால் நம்பர் எல்லாம் போயிடுமே என்று. உடனே லேப்டாப்பில் ஹாட்சிங்க் செய்து, ஒரு சிடியில் ஏற்றி அவர் கையில் கொடுத்தேன். நீல மார்க்கரில் "டெலிபோன் டைரி 2005" என்று அவர் கையெழுத்திலேயே எழுதி, எல்ஐசி பத்திரங்கள் இருக்கும் தகரப்பெட்டியில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெட்டியைத் திறந்து பார், மாப்ளே. சிடி இருந்தால் உள்ளே அட்ரஸ் டாட் டேட் என்று ஒரு கோப்பு இருக்கும், அதை மட்டும் எனக்கு அனுப்பு, பிரித்துத் தருவது என் வேலை. லேண்ட்லைன் நம்பர்கள் பாதி இப்போது இருக்காது, ஆனால் பலருக்கு விலாசமும் சேர்த்தே வாசித்தார், பத்திரிகை அனுப்ப அது போதும். ஜெராக்ஸ் கடையில் கேட்டால் சிடி டிரைவ் உள்ள பழைய கம்ப்யூட்டர் இருக்கும். தூசியாக இருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடை, வட்டமாகத் துடைக்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்