ஏர்த் ரீலுக்கும் காவலி வேண்டும்

திருகோணமலை

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது. நீ வவுனியாவிலிருந்து அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லொறியின் பின்தட்டில் வெல்டிங் பிளான்டையும் (ஒட்டுவதற்கு மின்சாரம் தரும் இயந்திரம்) இரண்டு கேபிள் ரீல்களையும் அமைத்திருக்கும் ஒழுங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெல்டிங் கூரைப் பிடிக்கும் ஹோல்டருக்குப் போகும் கேபிளின் ரீலுக்குக் கீழே மட்டும் பழைய டயர்த் துண்டை வைத்துவிட்டு, மற்ற ரீலை “அது ஏர்த் தானே அப்பா” என்று நேரே லொறியின் இரும்புச் சட்டமான செஸியில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறாய். அதை நான் ஏற்கமாட்டேன். அதற்கும் காவலி, அதாவது மின்சாரத்தைக் கடத்தாத தடுப்பு, வேண்டும்.

ஹோல்டர் வழியே போகும் 150, 200 அம்பியர் முழுவதும் அந்த ஏர்த் கேபிள் வழியாகத்தான் பிளான்டுக்குத் திரும்ப வேண்டும். அந்த ரீலில் சுற்றிய கேபிளின் உள்முனை எங்காவது டிரம்மின் (கேபிள் சுற்றும் உருளையின்) இரும்பைத் தொட்டால், உன் லொறி முழுவதும் அந்தச் சுற்றின் ஒரு பகுதியாகிவிடும். பிறகு நீ ஒரு நெல் ஆலையின் தொட்டியைச் சங்கிலியால் லொறியோடு கட்டிவைத்து ஒட்டும்போது, துருவிலும் பெயின்டிலும் ஏர்த் கிளாம்ப் சரியாகப் பிடிக்காவிட்டால், மின்னோட்டம் சங்கிலியிலும் ஸ்பிரிங்கிலும் வீல் பெயாரிங்கிலும் பற்றரியின் நெகட்டிவ் வயரிலும் புகுந்து வழி தேடிக்கொள்ளும். பெயாரிங் குண்டுகளில் குழி விழும். சங்கிலிக் கண்ணிகள் பொறி கக்கும். அதைவிடப் பயங்கரமானது, உலோக உடலுள்ள ட்ரில் மெஷினை அதே வேலைப்பொருளின் மேல் வைத்துவிட்டு ஒட்டுவது. பிளான்டின் 230 வோல்ற்று பிளக்கில் அது சொருகியிருந்தால், அதன் மெல்லிய பாதுகாப்பு ஏர்த் வயர் அந்த அம்பியரைத் தாங்காமல் உள்ளேயே எரிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மறுநாள் அந்த ட்ரில்லில் மின் ஒழுக்கு வந்தால் பிடித்திருப்பவனைக் காப்பாற்ற எதுவும் இருக்காது.

டயர்த் துண்டையும் எடுத்துவிடு. டயர் இறப்பரில் கரி கலந்திருக்கும், உள்ளே எஃகுக் கம்பியும் ஓடும். அதைக் காவலி என்று நம்ப முடியாது. பலகை மழையில் ஈரத்தை உறிஞ்சும். பேக்கலைட் நல்லதுதான், ஆனால் வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ் பூசாவிட்டால் அதுவும் ஈரம் வாங்கும். இங்கே கொட்பேயில் பைபர் படகு திருத்துபவர்களிடம் ரெசினும் கண்ணாடி இழைப் பாயும் அடுக்கடுக்காகப் போட்டு 12 மில்லிமீற்றர் தடிப்பில் தகடு செய்விக்கலாம். உப்புக்காற்றுக்கும் அது அசையாது. ரீலின் பாதத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 25 மில்லிமீற்றராவது தகடு வெளியே நீட்டியிருக்கட்டும். இல்லாவிட்டால் சேறும் உப்பும் படிந்து விளிம்பிலேயே பாலம் போட்டுவிடும்.

தகட்டைச் சரியாக வைத்தவர்களும் கோட்டைவிடும் இடம் போல்ட். தகட்டைத் துளைத்துச் செல்லும் எஃகு போல்ட், ரீலின் பாதத்தையும் செஸியையும் நேராகவே இணைத்துவிடுகிறது. எனவே 12 மில்லிமீற்றர் போல்டுக்குப் பாதத்திலும் தகட்டிலும் 18 மில்லிமீற்றர் துளை போட்டு, அதற்குள் காவலி புஷ் ஒன்றை (போல்டைச் சுற்றி நிற்கும் சிறு குழாயை) இறக்கி, மேலே காவலி வாஷர், அதன் மேல் எஃகு வாஷர், பிறகு நட்டு என்று வரவேண்டும். புஷ்ஷின் நீளம் பாதமும் தகடும் சேர்ந்த தடிப்பைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்கட்டும். நீண்டுவிட்டால் நட்டு புஷ்ஷைத்தான் இறுக்கும், ரீல் ஆடிக்கொண்டே இருக்கும்.

இரண்டு டிரம்மையும் ஒரே தண்டில் கோத்திருப்பதையும் பிரித்துவிடு. இரண்டு கேபிள்களின் உறையும் உரசிக் கிழிந்த நாளில் அந்தத் தண்டே பிளான்டைக் குறுக்குச் சுற்றாக்கிவிடும். டிரம்மின் கூரான விளிம்புகளை அரத்தால் உருட்டிவிடு. சுற்றும் கைப்பிடிக்கும் காவலி உறை போடு. சும்மா நிற்கும் பிளான்டிலேயே 60 முதல் 80 வோல்ற்று வரை இருக்கும். வியர்த்த கைக்கு அது சிறிய அளவல்ல.

டிரம் சுழலும்போதும் மின்சாரத்தைக் கேபிளுக்குக் கடத்தும் செம்புத் தொடுகையை நீயே கடைந்து செய்யும் ஆசையை விட்டுவிடு. உள்முனையை டிரம்மின் பக்கத்தில் மூடிய சொக்கெற்றாக விட்டு, கேபிளை முழுவதும் இழுத்த பின் பிளான்டை அதில் சொருகு. எப்படியும் முழுவதும் இழுக்கத்தான் வேண்டும், சுருளாகக் கிடக்கும் கேபிள் சூட்டை வெளியே விடாது. 50 சதுர மில்லிமீற்றர் கேபிள் போக 30, வர 30 மீற்றர் என்றால் 200 அம்பியரில் ஏறத்தாழ 4 வோல்ற்றுதான் இழப்பு, அது பரவாயில்லை.

எல்லாம் பூட்டிய பின், கேபிள்களைப் பிளான்டிலிருந்து கழற்றிவிட்டு, 500 வோல்ற்று மெகரால் (காவலின் தடையை அளக்கும் கருவி) ஒவ்வொரு ரீலையும் செஸிக்கு எதிராகவும், ஒன்றையொன்றுக்கு எதிராகவும் அளந்து பார். உலர்ந்த நாளில் மட்டுமல்ல, வண்டியைக் கழுவிய உடனும் அள. ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வண்டியை வேலைக்கு எடுக்காதே. மார்கழி மழையில் மாதம் ஒரு தடவை பார்த்தால் நல்லது.

புஷ்ஷுகளை இங்குள்ள லேத் கடையில் கடைவித்துத் தகடுகளோடு பஸ்ஸில் அனுப்புகிறேன். பாதத்தின் தடிப்பையும், போல்ட் 10 மில்லிமீற்றரா 12 மில்லிமீற்றரா என்பதையும் வேர்னியர் வைத்து அளந்து எழுது; கண்மதிப்பு வேண்டாம்.

அன்புடன்,
அப்பா