சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு: பொன்விழா மலரில் தோல்விகளையும் எழுதுங்கள்

சென்னைக் குடிநீர் வாரிய அதிகாரிகளுக்கும் ஊழியர்களுக்கும் வணக்கம்.

1978 ஆகஸ்டில் தொடங்கிய உங்கள் வாரியத்துக்கு 2028-இல் ஐம்பது வயது நிறைகிறது. விழா எடுப்பீர்கள், மலர் போடுவீர்கள். அந்த மலர் வாழ்த்துச் செய்திகளும் மேடைப் படங்களுமாகப் போய்விடக் கூடாது. இந்த ஊர் தண்ணீர் குடித்த கதையை உங்கள் பதிவேடுகளைக் கொண்டு தமிழில் முழுசாக எழுதித் தாருங்கள்.

கதை 1772-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்த ஏழு கிணறுகளில் தொடங்குகிறது. அப்புறம் 1872-இல் பொறியாளர் ஃப்ரேசரின் திட்டம் வந்தது. தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றை மறித்து, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாகக் கீழ்ப்பாக்கம் வரை தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். கால்வாயில் வந்த அந்தத் தண்ணீரை வடிகட்டாமலே நாற்பது வருடம் போல ஊர் குடித்தது. 1914-இல் பொறியாளர் மேட்லி கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளைக் கட்டினார். தண்ணீர் மணலுக்குள் மெல்ல இறங்கும். மணலின் மேல் படியும் வழவழப்பான ஏடுதான் கிருமிகளைப் பிடித்து நிறுத்தும். ஏடு தடித்து அடைத்துக்கொண்டால் மேல்மணலைச் சுரண்டி எடுக்க வேண்டும். எத்தனை உயிர்களைக் காத்த வேலை அது! தி.நகர் மேட்லி சாலையில் தினமும் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் யாருடையது என்று யார் சொன்னது?

பூண்டி நீர்த்தேக்கத்துக்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி, 1944-இல் அது திறந்தபோது உயிரோடு இல்லை. இதையெல்லாம் நீங்கள் பெருமையாகவே எழுதுவீர்கள், சரி. தோல்விகளையும் அதே அக்கறையோடு எழுதுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவரும் முதல் திட்டம் பாதியில் நின்று, ராட்சதக் குழாய்கள் சாலையோரம் கிடந்தன. ஏழைக் குடும்பங்கள் அவற்றுக்குள் குடித்தனம் நடத்தின. வீராணம் தண்ணீர் சென்னைக்கு வந்தது 2004-இல்தான். இடைப்பட்ட காலத்தில் யார் என்ன முடிவெடுத்தார்கள், எங்கே தடுக்கியது? 2019-இல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அதற்கு முந்தைய மாதங்களில் உள்ளே என்ன பேசினார்கள்? அடுத்த வறட்சியில் பொறுப்பில் இருக்கப்போகும் பொறியாளருக்கு வாழ்த்துச் செய்திகளால் பயனில்லை. இந்தப் பக்கங்கள்தான் உதவும்.

இன்னொன்று. குடிநீரோடு கழிவுநீரும் உங்கள் பொறுப்பு. இந்த ஊரின் பாதாளச் சாக்கடையில் இறங்கி மூச்சுமுட்டிச் செத்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் என்று சொல்லி அவர்களை விட்டுவிடாதீர்கள். குடும்பத்தாரைக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு ஒவ்வொருவர் பெயரையும் அச்சிடுங்கள். மேட்லிக்கும் சத்தியமூர்த்திக்கும் தரும் அதே எழுத்தளவில்.

இன்னும் அவகாசம் இருக்கிறது. ஓய்வுபெற்ற வால்வுக்காரர்களும் லாரி ஓட்டுநர்களும் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய வரைபடங்களை இணையத்தில் ஏற்றுங்கள். மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் புத்தகத்தை இலவசமாக அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழாய்த் தண்ணீரில் வளர்ந்த ஒரு சென்னைவாசி