மச்சானுக்கு, போர்தோவிலிருந்து

அன்புள்ள மச்சான்,

கைத்தடியைத் தூக்கிப் போட்டுவிட்டு லா ஷப்பெல் கடைத்தெரு வரைக்கும் தனியாகப் போய் வந்தாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. முட்டிக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. இங்கே நாங்கள் சுகம். பெரியவன் துலூஸுக்கு மாற்றலாகிப் போய்விட்டான். சின்னவள் வழக்கம்போல் போனிலேயே குடும்பம் நடத்துகிறாள். இனி உன் பாட்டில் விவகாரம்.

ஓய்வு பெற்றபோது ஆபீஸ்காரர்கள் சேர்ந்து கொடுத்தது லெயோவில் பார்த்தோன் தோட்டத்துச் சிவப்பு ஒயின், அதுவும் 2010ஆம் வருஷத்தது என்றால், உன்மேல் அவர்களுக்கு இருந்த பிரியம் வாய்வார்த்தை இல்லை. மருமகன் இன்னும் பத்து வருஷம் வைக்கச் சொல்கிறார், தங்கச்சி ஆட்டுக்கறிக்கு ஊற்றிவிடலாமா என்று கேட்கிறாள், நீ நடுவில் நின்றுகொண்டு என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிறாய். நான் ஒயின் கிடங்கில் கணக்கு எழுதியவன்தான். ஆனால் கிடங்கு மேஸ்திரி கூப்பிடும்போதெல்லாம் பேனாவைப் போட்டுவிட்டுக் கிளாஸோடு போய் நின்றவன். அந்த நாக்கை நம்பிச் சொல்கிறேன்: வருகிற குளிர்காலத்தில் திறந்துவிடலாம்.

2010, போர்தோவுக்கு வடக்கே இருக்கிற மெதோக் பக்கத்துக்கு அருமையான வருஷம். மழை குறைவு, நல்ல வெயில், ஆனால் இரவுகள் குளிர்ந்திருந்தன. அதனால் பழம் முற்றியும் புளிப்பு இறங்கவில்லை. அந்த வருஷத்து சேன் ஜூலியான் ஒயின் (உன்னுடையது அந்த ஊர்தான்), 12, 13 டிகிரி குளிரில், வெளிச்சம் படாமல், ஆட்டம் அசைவில்லாமல் படுத்துக் கிடந்தால் இன்னும் இருபது வருஷம் தாங்கும். மருமகன் அப்படிப்பட்ட பாட்டிலை நினைத்துப் பேசுகிறார். உன்னுடையது இத்தனை காலமும் ஃப்ரிட்ஜ் தலையில் நின்றுகொண்டிருந்தது. பின்னால் மோட்டார் சூடு, பக்கத்தில் அடுப்பு, ஜூலை மாதத்தில் பாரிஸ் புறநகரான உன் சார்செல் அபார்ட்மென்ட் எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியாதா? சூட்டில் ஒயினுக்கு வயது வேகமாக ஏறும், கோணல்மாணலாகவும் ஏறும். நின்ற வாக்கில் வைத்ததால் கார்க் வேறு காய்ந்திருக்கும். இன்றைக்கே ஒரு துணியில் சுற்றிக் கீழே காவில், அதுதான் நிலவறையில், சைக்கிளுக்குப் பின்னால் படுக்க வைத்துவிடு.

வருஷக்கணக்கில் உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டிருந்தாய். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருவது டானின். புது ஒயினைக் குடித்தால் பாக்கு மென்றதுபோல் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்புக்கு அதுதான் காரணம். நிறத்தைத் தரும் பொருளும் இந்த டானினும் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, ஒரு கட்டத்தில் கரைந்து நிற்க முடியாமல் அடியில் மண்டியாகத் தங்கிவிடும். அதனால்தான் பழைய ஒயினில் துவர்ப்பு தணிந்திருக்கும், கத்தரிப்பூ நிறம் போய்ச் செங்கல் நிறம் வந்திருக்கும். வாசனையும் மாறும். பழ வாசனை பின்னால் போய், தோல், புகையிலை, சுருட்டுப் பெட்டி, மழை நனைத்த சருகு என்று ஒவ்வொன்றாக வரும். இதற்கு மேலே போனால் சருகு மட்டும்தான் மிஞ்சும். பழமும் சருகும் சேர்ந்திருக்கிற இடைக்காலத்தில் திறக்கிறவன் பாக்கியசாலி. அது எப்போது என்று பாட்டிலை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு பாட்டில்களே ஒன்றுபோல் இருப்பதில்லை.

இதை ஆராயப் போய் விண்வெளிக்கே ஒயின் அனுப்பினார்கள், தெரியுமா? 2019 நவம்பரில் பெட்ருஸ் என்ற விலையுயர்ந்த போர்தோ ஒயின், 2000ஆம் வருஷத்தது, பன்னிரண்டு பாட்டில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போயிற்று. 14 மாதம் கழித்துத் திரும்பியதை 2021 மார்ச்சில் இங்கே போர்தோவில் திறந்து, தரையிலேயே இருந்த பாட்டிலோடு ஒப்பிட்டுச் சுவைத்தார்கள். போய் வந்தது கொஞ்சம் கூடுதலாக மூத்திருந்தது என்றார்கள் சிலர். அந்த வேலையை உன் ஃப்ரிட்ஜ் காசில்லாமல் செய்து கொடுத்திருக்கிறது.

லேபிளில் ஒரு மாளிகை இருக்கிறதே, அது லெயோவில் பார்த்தோனுடையது இல்லை. அந்தத் தோட்டத்துக்குச் சொந்த மாளிகையே கிடையாது. அதே குடும்பத்தின் இன்னொரு தோட்டமான லாங்கோவாவின் மாளிகையைத்தான் போட்டிருக்கிறார்கள், ஒயினையும் அங்கேதான் செய்கிறார்கள். அயர்லாந்திலிருந்து வியாபாரத்துக்கு வந்த பார்த்தோன் குடும்பம் 1826இல் லெயோவில் தோட்டத்தின் ஒரு பங்கை வாங்கியது, இன்றுவரை கைமாறவில்லை. 1855 பாரிஸ் கண்காட்சிக்காகப் போட்ட தரப்பட்டியலில் இது இரண்டாம் தரம். இரண்டாம் தரம் என்பதைக் கேட்டு மருமகன் முகத்தைச் சுளித்தால், மொத்தம் ஐந்து தரம், முதலாவதில் அன்றைக்கு நான்கே நான்கு தோட்டம்தான் என்று சொல்லு. அந்த முதல் தரத்தில் ஐந்தாவது தோட்டமாக மூத்தோன் ரோத்ஷீல்ட் ஏறுவதற்கு 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குக் கையெழுத்துப் போட்ட விவசாய மந்திரி, பின்னால் ஜனாதிபதியான நம்ம ஷிராக்.

குடிக்கிற நாளுக்கு வருவோம். முதல் நாள் காலையிலேயே பாட்டிலை நிமிர்த்தி வை, மண்டி முழுக்க அடியில் இறங்கட்டும். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு, ஹீட்டர் இல்லாத கல்வீட்டுக் காலத்துப் பேச்சு. இன்றைக்கு உன் வீட்டு ஹாலில் 22 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். 16லிருந்து 18க்குள் இருக்க வேண்டும். காவிலிருந்து எடுத்து வந்து ஒரு மணி நேரம் வைத்தாலே போதும். என்னைக் கேட்டால், இந்த ஊர் ஓட்டல்களிலேயே பாதிப் பேர் இதில் கோட்டை விடுகிறார்கள்.

கார்க்கை அவசரப்படாமல் இழு. காய்ந்த கார்க் பாதியில் உடைந்தால் பதறாதே, வடிகட்டிக் கொள்ளலாம். பிறகு ஒரு கண்ணாடிக் கூஜாவுக்கு மாற்ற வேண்டும். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவத்தியோ போன் டார்ச்சோ இருக்கட்டும். ஒரே சீராக ஊற்று, நடுவில் நிமிர்த்தினால் மண்டி கலங்கிவிடும். கருப்பாக ஒரு கோடு தோள்பட்டையை எட்டிக் கழுத்துக்கு ஊர்ந்து வருவது வெளிச்சத்தில் தெரியும். தெரிந்த கணமே நிறுத்து. அடியில் நிற்கிற இரண்டு விரற்கடையை நினைத்து வருத்தப்படாதே. கூஜாவில் காற்றாட ஒரு மணி நேரம் விடலாம், நடுவே சுவைத்துப் பார்த்துக்கொள். இதுவே நாற்பது ஐம்பது வருஷப் பாட்டிலாக இருந்தால் காற்றாட விடவே கூடாது. மேஸ்திரி ஓய்வு பெற்ற அன்று ஒரு 1961 திறந்தார். கிளாஸில் ஊற்றியதும் அறை முழுக்க மணந்தது, பேச்சு ஒரு சுற்று முடிவதற்குள் அந்த மணம் காணாமல் போய்விட்டது.

முதல் வாயை நீயே எடுத்துக்கொள். அது கார்க்கால் கெட்டதா என்று பார்க்கத்தான். நனைந்த அட்டைப் பெட்டி வாடை அடித்தால் முடிந்தது, அதற்கு வைத்தியம் கிடையாது. நல்லதாக இருந்தால் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்று. சுழற்றாமல் ஒருமுறை முகர், பிறகு சுழற்றி ஒருமுறை முகர், வித்தியாசம் உனக்கே தெரியும். இதில் முக்கால் பங்கு கபெர்னே சொவிஞோன் திராட்சை, மீதியில் பெரும்பகுதி மெர்லோ திராட்சை. கசீஸ் என்கிற கருப்புச் சிறுபழம் போலவும், பென்சில் சீவிய மரத்தூள் போலவும் வரும். வராவிட்டாலும் வெட்கப்படாதே. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இங்கே பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கிற 54 பேருக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வாசனைகளை வரிசையாகச் சொன்னார்கள் பிள்ளைகள். படித்தவன் மூக்கையும் கண் இழுத்துக்கொண்டு போகும். சம்பந்தி ஏதாவது அளந்துவிட்டால் தலையாட்டிவிட்டுக் குடி.

சாப்பாடு விஷயத்தில் மட்டும் தங்கச்சியிடம் கண்டிப்பாகச் சொல்லு, அன்றைக்குக் காரைக்கால் மசாலா வேண்டாம். மிளகாய்க் காரம் துவர்ப்பையும் சாராயச் சூட்டையும் இரட்டிப்பாக்கும், ஒயினும் வீண், கறியும் வீண். பூண்டு சொருகிய ஆட்டுத்தொடையை ஓவனில் வைத்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்போதே எடுக்கச் சொல். கறியின் கொழுப்பும் புரதமும் அந்தத் துவர்ப்பைத் தணித்துவிடும், அடுத்த வாய் பட்டுப்போல் இறங்கும். சமையலில் ஊற்றியே தீருவேன் என்றால் ஐந்து யூரோ பாட்டில் வாங்கிக் கொடு. இந்தப் பக்கத்துக் கிழவர்கள் சூப் குடித்து முடிக்கிற தறுவாயில் தட்டில் சிவப்பு ஒயினை ஊற்றிக் கலக்கித் தூக்கிக் குடிப்பார்கள், சாப்ரோல் என்று பெயர். எனக்கும் பழகிவிட்டது, வீட்டில்தான் முறைக்கிறாள்.

இவ்வளவு எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. இங்கே ஆந்த்ர் தே மேர் என்ற திராட்சைத் தோட்டப் பகுதிப் பக்கம் காரில் போனால் பிடுங்கிப் போட்ட கொடிகள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. சிவப்பு ஒயின் குடிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், விலை கட்டுபடியாகவில்லை. 2023இல் ஹெக்டேருக்கு 6000 யூரோ கொடுத்துக் கொடியைப் பிடுங்க வைக்கும் திட்டமே வந்தது. பட்டியலில் பேர் உள்ள மாளிகைகள் தப்பித்துக்கொள்ளும். கிடங்குக்கு டிராக்டரில் வந்து என்னிடம் செக் வாங்கிப்போன சின்ன விவசாயிகளில் பலர் தோட்டத்தை விட்டுவிட்டார்கள்.

டிசம்பரில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். டெஜேவே அதிவேக ரயிலில் இப்போது இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். இந்த ஊர் கனெலே கேக் வாங்கி வருகிறேன், தண்டு வைத்த நாலு கிளாஸும் கொண்டு வருகிறேன். உன் டீ கிளாஸை நம்பி வர மாட்டேன். அதற்குள் காரைக்கால் வீட்டுப் பத்திரம் என்ன ஆயிற்று, தம்பி கையெழுத்துப் போட்டானா இல்லையா என்று எழுது.

அன்புடன்,
உன் பக்கத்துப் பெஞ்சுக்காரன்