அச்சுக்குப் போன கோப்பு எங்களுக்கும் வேண்டும்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கு, வணக்கம்.

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பள்ளியில் பிரெயில், கல்லூரியில் நண்பர்கள் வாசித்துக் காட்டியது, இப்போது திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் ஸ்க்ரீன் ரீடர்கள் (செல்பேசியில் டாக்பேக், கணினியில் என்விடிஏ) என்று ஏதோ ஒரு வழியில் விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு பதிப்பகத்தின் தளத்தில் பணம் கட்டி ஒரு நாவலை மின்னூலாக வாங்கினேன். இறக்கித் திறந்தால் ஸ்க்ரீன் ரீடர் ஆவணம் காலி என்கிறது. முழுப் புத்தகமும் ஸ்கேன் செய்த படம், அதில் எழுத்தே இல்லை. போன் செய்தேன். எடுத்தவர் தன்மையாகத்தான் பேசினார், அன்று மாலையே வேறு கோப்பு அனுப்பினார். அதில் எழுத்து இருந்தது, ஆனால் பாமினி எழுத்துருவில். பார்வை உள்ளவர்களுக்கு இதில் வித்தியாசமே தெரியாது என்பதால் சொல்கிறேன்: பாமினியில் திரையில் ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கில விசைகள்தான். கண்ணுக்கு அம்மா, என் காதுக்கு அந்த ஐந்தும். முதல் பத்தி முழுவதும் இப்படிக் கேட்டுவிட்டுக் கணினியை மூடிவிட்டேன்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் என்னவென்றால், அந்த நாவலை ஒருவர் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்திருக்கிறார், இன்னொருவர் மெய்ப்புப் பார்த்திருக்கிறார். சுத்தமான கோப்பு உங்கள் வடிவமைப்பாளரின் கணினியில் எங்கோ கிடக்கிறது. அதை எந்தக் கருவியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகளே இருக்கின்றன. ஆனால் நாங்கள் என்ன செய்கிறோம்? அச்சுப் புத்தகத்தை வாங்கி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் ஓசிஆர் மென்பொருளில் போட்டு, மறுபடியும் எழுத்தாக்குகிறோம். ஓசிஆருக்கு ரகரமும் துணைக்காலும் ஒன்றுதான், ‘மரம்’ எல்லாம் ‘மாம்’ ஆகிவிடும். பிறகு கண் தெரிந்த ஒரு தன்னார்வலர் உட்கார்ந்து திருத்த வேண்டும். நீங்கள் ஒருமுறை செய்து முடித்த வேலையை அவர் தன் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து மறுபடி செய்கிறார்.

‘ஒலிநூல்தான் போடுகிறோமே’ என்று சிலர் சொல்வீர்கள். போடுங்கள், ஆசையாகக் கேட்கிறேன். ஆனால் அது வேறு, வாசிப்பது வேறு. காதால் மட்டும் கேட்டால் கரையா கறையா என்று தெரியாது. ஸ்க்ரீன் ரீடரில் அந்தச் சொல்லில் நின்று ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து பார்ப்பேன், எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெயில் திரை இருந்தால் விரலால் தடவியே தெரிந்துகொள்வேன். எனக்கு எழுத்துக்கூட்டல் பிடிபட்டதே அப்படித்தான். 2009இல் அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் 2 புத்தகத்தை வாய்விட்டு வாசித்தபோதும் இதே குழப்பம் வந்தது. ஒலிநூல் உரிமை போய்விடும் என்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது, எந்தப் புத்தகம் பேசலாம் என்பதைப் பதிப்பாளரே முடிவு செய்யட்டும் என்று அமேசான் இறங்கிவந்தது, பார்வையற்றவர்கள் நியூயார்க்கில் அந்தச் சங்கத்தின் அலுவலகத்துக்கு வெளியே திரண்டு நின்றார்கள்.

அப்புறம் திருட்டுப் பயம். உங்கள் கவலை நியாயமானது, உங்கள் நூல்களின் பிடிஎஃப் வாட்ஸப்பில் சுற்றுவது எனக்கும் வலிக்கிறது. ஆனால் சுற்றுபவை பெரும்பாலும் அச்சுப் புத்தகத்தை அப்படியே ஸ்கேன் செய்தவைதான். திருடுபவருக்குப் படமே போதும், எழுத்து வேண்டியிருப்பது எங்களுக்கு.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு நூலை மாற்ற 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும், 2013இல் உருவான மராக்கேஷ் சர்வதேச உடன்படிக்கையை முதலில் ஏற்றுக்கொண்ட நாடே இந்தியாதான். 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற, எங்களைப் போன்றோருக்கான இணைய நூலகமும் வந்துவிட்டது. நீங்கள் கோப்பைக் கொடுத்தால் அங்கே சேர்த்து, பதிவு செய்த வாசகர்களுக்கு மட்டும் கொடுக்க முடியும்.

சரி, என்ன செய்யலாம்? இனி வரும் நூல்களை யூனிகோடில், ஈபப் என்ற மின்னூல் வடிவில் போடுங்கள். அத்தியாயத் தலைப்பைப் பெரிய எழுத்தாக மட்டும் காட்டாமல் தலைப்பு என்றே குறியுங்கள், ஒரே விசையில் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிடுவோம். அட்டைப்படத்துக்கு இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள், அட்டையில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்வதில்லை. பழைய நூல்களை உடனே மாற்ற முடியாவிட்டால் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி போடுங்கள், வாங்கிய ரசீதோடு எழுதிக் கேட்கிறோம்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் மின்னூல் ஒன்றைச் செல்பேசியில் திறந்து, டாக்பேக்கை ஆன் செய்து, கண்ணை மூடி ஒரே ஒரு பக்கம் கேட்டுப் பாருங்கள். கேட்டது என்ன என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்