தோளைப் பார் மாப்பிள்ளை, கலர் அப்புறம்

அன்புள்ள மாப்பிள்ளை,

சென்னையில் வேலை கிடைத்துவிட்டது, என்னென்ன துணி எடுக்கட்டும் மாமா என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியோடு என் தையல் கடைக்குப் பையன்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களும்தான். அவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

ரெடிமேட் சட்டையில் முதலில் பார்க்க வேண்டியது தோள். கம்பெனி, கலர், விலை எல்லாம் அப்புறம். கை இணைகிற தையல், உன் தோள் எலும்பு முடிகிற இடத்தில் வந்து உட்கார வேண்டும். கீழே இறங்கினால் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டது போல இருக்கும். கழுத்துப் பக்கம் ஏறினால் கையைத் தூக்கும்போது இழுக்கும். தோளைத் திருத்துவது எங்களுக்குப் பெரிய பாடு. கையைப் பிரித்து, சில சமயம் காலரையும் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். கூலியும் ஏறும், சட்டையின் அமைப்பும் கெடும். மற்றதெல்லாம் சுலபம். உடம்பு தொளதொளவென்று இருந்தால் சைடு பிடித்துவிடலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், உயரத்தைக் குறைக்கலாம். தோள் சரியாக அமைந்த சாதாரணச் சட்டையை ஆல்ட்டர் செய்து போட்டவன், பொருந்தாத விலை உயர்ந்த சட்டைக்காரனைவிட நன்றாகத் தெரிவான். இதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

ஒரு கம்பெனியின் 40 இன்னொரு கம்பெனியில் அதே 40 ஆக இருக்காது. எண்ணை நம்பாமல் போட்டுப் பார். மேல் பட்டனைப் போட்ட பிறகும் காலருக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். நெஞ்சுக்கு நேரே பட்டன்களுக்கு நடுவில் வாய் பிளந்தால் அந்தச் சட்டை வேண்டாம்.

பேண்டில் இடுப்பைவிடத் தொடையையும் பின்பக்கத்தையும் கவனி. இடுப்பை ஓர் இஞ்ச், ஒன்றரை இஞ்ச் பிடிக்கலாம். தொடை இறுக்கமாக இருந்து, உள்ளே மடிப்புத் துணியும் விடாமல் தைத்திருந்தால், அதைப் பெரிதாக்க வழியே இல்லை. உயரம் ஷூவை லேசாகத் தொட்டால் போதும். காட்டன் பேண்ட் என்றால் ஒரு முறை துவைத்துக் காயவைத்த பிறகே உயரம் குறைக்கக் கொடு. முதல் துவையலில் சுருங்கும்.

ஈரோட்டு வெயில் வேறு, சென்னைப் புழுக்கம் வேறு. அதனால் லேபிளைப் படி. பாலியஸ்டர் வேர்வையை உறிஞ்சாது, வாடையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். காட்டன் கசங்கும் என்பாய். கசங்கட்டும், இஸ்திரி போட்டால் சரியாகிவிடும். சாம்பல் நிறச் சட்டையில் வேர்வை அப்படியே தெரியும். வெள்ளையிலும் நேவி புளூவிலும் பொடிக் கட்டத்திலும் அவ்வளவாகத் தெரியாது.

"நான் கறுப்பு மாமா, எனக்கு எந்தக் கலரும் எடுக்காது" என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு சங்கடமாகிவிட்டது. யார் உன்னிடம் இப்படிச் சொன்னார்கள்? நம் நிறத்துக்கு வெள்ளை எடுப்பது போல எதுவும் எடுக்காது. இளநீலம் போடு, மெரூன் போடு, பாட்டில் கிரீன் போடு, கடுகு மஞ்சளைக்கூடத் தைரியமாகப் போடு. தோல் நிறத்தோடு கலந்து மங்கிப்போகிற பழுப்பை மட்டும் தள்ளி வை. "உங்க கலருக்கு இது வேணாம் தம்பி" என்று எந்தத் துணிக்கடையில் சொன்னாலும், அந்தச் சட்டையைக் கையில் வாங்கி நெஞ்சில் வைத்துக் கண்ணாடியைப் பார். நீயே முடிவு செய்.

ஆஃபர் இருக்கிறது என்று அள்ளாதே. ஐந்து சட்டை, நேவி, சாம்பல், காக்கி என்று மூன்று பேண்ட், இது போதும். எந்தச் சட்டையும் எந்தப் பேண்டோடும் சேர வேண்டும், அதுதான் கணக்கு. ஷூ பிரவுன் என்றால் பெல்ட்டும் பிரவுன்.

இரண்டு சட்டையை நானே தைத்துத் தருகிறேன். 58 இஞ்ச் அகலத் துணியில் உன் உடம்புக்கு 1.60 மீட்டர் முழுக்கைக்குப் போதும். செவ்வாய்க்கிழமை நம் ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையில் வெள்ளையும் இளநீலமுமாக காட்டன் எடுத்து வைக்கிறேன். இப்போது உனக்குத் தோள் சரியாக இருக்கிற சட்டை ஒன்றை அளவுக்கு அம்மாவிடம் கொடுத்தனுப்பு. துணியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுவேன். அதனால் நீ கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலேயே அந்த அளவுச் சட்டை என் கைக்கு வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
மாமா