முதல் ஏரோபாட்டிக் விமானம் வாங்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

வானில் வித்தை காட்டும் ஏரோபாட்டிக் விமானம் வேண்டுமென்று நீ அனுப்பிய மூன்று ரேடியோ கன்ட்ரோல் மாடல்களின் படங்களையும் பார்த்தேன். பெரியது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் அந்தச் சின்ன ஈபிபி ஃபோம் (வளைந்துகொடுக்கும் ஒருவகை நுரை) மாடலையே எடு. பால்சா என்ற லேசான மரத்தில் செய்த விமானம் தரையில் குத்தினால் பெருக்கி அள்ள வேண்டியதுதான். ஈபிபி நசுங்கும், பசை போட்டு மறுநாளே பறக்கவிடலாம்.

நீ பறக்கவிடப் பழகிய ட்ரெய்னர் விமானத்தின் இறக்கை உடம்புக்கு மேலே, இரு பக்கமும் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். கையில் பிடிக்கும் ரேடியோவின் ஸ்டிக்கை விட்டால் அதுவே நிமிர்ந்துகொள்ளும். ஏரோபாட்டிக் விமானம் அப்படியில்லை. இறக்கையின் மேலும் கீழும் ஒரே வளைவு. தலைகீழாக விட்டால் தலைகீழாகவே போகும். நிமிர்த்துவது உன் வேலை.

எதை வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது சி.ஜி., அதாவது விமானம் சமநிலையில் நிற்கும் எடைமையம். கையேட்டில் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் முதல் இத்தனை வரை என்று போட்டிருப்பான். முதல் தடவைக்கு முன்பக்க எல்லையையே வைத்துக்கொள். பறக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே பேட்டரியெல்லாம் மாட்டிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு பக்கமும் துண்டு டேப் ஒட்டி, விரல்நுனியால் தூக்கிப் பார். மூக்கு ஒரு துளி தாழ்ந்து நின்றால் போதும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளு. அதிலும் சரியாகவில்லையென்றால் மூக்கில் எடை சேர், மனசு கேட்காவிட்டாலும் சேர். வால் கனத்த விமானத்தை அடக்கிப் பிடிப்பது பழகிய கைக்கே கஷ்டம்.

அடுத்து சர்வோ, அதாவது இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகளைத் திருப்பும் சின்ன மோட்டார். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சர்வோ கை புஷ்ராடுக்கு (பலகையைத் தள்ளி இழுக்கும் கம்பி) 90 டிகிரியில் நிற்க வேண்டும். ரேடியோவில் சப்-ட்ரிம் (சர்வோவின் நடுநிலையை நகர்த்தும் அமைப்பு) போட்டு இழுக்காதே. சர்வோ கையைக் கழற்றி அச்சின் அடுத்த பல்லில் மாட்டு, மிச்சம் இருக்கும் கொஞ்சத்துக்கு மட்டும் சப்-ட்ரிம். ஓய்வில் சர்வோ முனகிக்கொண்டே இருந்தால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம்.

த்ரோ, அதாவது அந்தப் பலகைகள் எவ்வளவு திரும்பும் என்ற விஷயத்தில்தான் நீ என் பேச்சைக் கேட்கமாட்டாய் என்று பயம். வீடியோவில் பார்க்கிற 40, 45 டிகிரி எல்லாம் ப்ரொப்பெல்லரில் தொங்குவது போன்ற 3டி ஆட்டத்துக்கு. த்ரோவைக் கூட்டிக் குறைக்கும் டூயல் ரேட் சுவிட்சில் லோ ரேட்டுக்கு 12 டிகிரி அளவும், ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் எக்ஸ்போ 30 சதவீதமும் வை. லூப் (செங்குத்து வட்டம்), ரோல் (உருளல்) எல்லாம் அதிலேயே வரும். எக்ஸ்போவில் ஒரு சிக்கல் உண்டு: நடுவில் மென்மையாக்க சில ரேடியோக்களில் ப்ளஸ், சிலவற்றில் மைனஸ். மாற்றிப் போட்டால் தொட்டதும் துள்ளும்.

சர்வோ, ரேடியோ வேலையெல்லாம் செய்யும்போது ப்ரொப்பெல்லர் கழற்றியே இருக்கட்டும். ஃபெயில்சேஃபில் (ரேடியோ சிக்னல் அறுந்தால்) மோட்டார் நிற்கிறதா, ரேஞ்ச் செக் (தூரத்திலிருந்து சிக்னல் எட்டுகிறதா என்ற சோதனை) சரியா என்று பார்த்துவிடு. விமானத்தின் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் (இறக்கையின் பின்விளிம்புப் பலகை) மேலே எழ வேண்டும். முன்னால் நின்று பார்த்துக் குழம்பாதே.

கை பழகியதும், நல்ல உயரத்தில் 45 டிகிரி ஏறவிட்டுத் தலைகீழாகத் திருப்பி எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) ஸ்டிக்கை விட்டுப் பார். மூக்கு சட்டென்று தரையை நோக்கி விழுந்தால் முன்கனம். பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே நகர்த்து. நேராகப் போய் மெல்லச் சாய்ந்தால் அதோடு நிறுத்திக்கொள்.

பெட்டி வந்ததும் பேட்டரித் தட்டின் நீளத்தை அளந்து எழுது. எவ்வளவு கனமான பேட்டரி போடலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பேட்டரி வாங்கிவிடாதே.

அன்புடன்,
அப்பா