வள்ளிக்கு, சைக்கிள் வாங்கும் முன்

அன்பு மகள் வள்ளிக்கு,

நீ அனுப்பிய க்ரூஸர் சைக்கிள் படத்தை நானும் அம்மாவும் பார்த்தோம். 60 டாலர் என்கிறாய். வாங்கலாம். பெயின்ட் வெளுத்து, மட்கார்டில் துரு ஏறியிருப்பதால்தான் விலை இறங்கியிருக்கிறது. அதை நினைத்துக் கவலைப்படாதே. உன் கையில் இருக்கும் காசு முதலில் பிரேக்குக்கும் பால்ரஸுக்கும் போகட்டும். அழகு அப்புறம்.

பணம் கொடுக்கும் முன் ஹேண்டில்பார் இறங்கும் குழாய்க்குப் பின்னால், பார் ஒட்டியிருக்கும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார். பெயின்ட் சுருங்கியோ குழாய் உப்பியோ இருந்தால் எங்கேயோ மோதிய வண்டி. 10 டாலருக்கும் வேண்டாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடு. லேசான கோட்டம் என்றால் போக்ஸ் கம்பியை முறுக்கி எடுத்துவிடலாம். ரிம்மே நெளிந்திருந்தால் கட்டுப்படியாகாது. ஃபிரேமில் பொறித்திருக்கும் வண்டி நம்பரை அரம் போட்டு ராவியிருந்தால் திருட்டு வண்டி, விட்டுவிட்டு வந்துவிடு.

இனிமேல்தான் முக்கியமான விஷயம், ஆத்தா. நம் பள்ளத்தூர்க் கடையில் நீ பார்த்து வளர்ந்த வண்டிகளில் பெடலைப் பின்னால் சுற்றினால் ப்ரீவீல் கிர்ரென்று சும்மா சுற்றும். நீ வாங்கப்போகும் க்ரூஸரில் பெடலைப் பின்னால் மிதித்தால் அதுதான் பிரேக். சிக்னலில் நின்று, கிளம்புவதற்காகப் பெடலைப் பின்னுக்குச் சுற்றி மேலே கொண்டுவரும் பழக்கம் உனக்கு உண்டு. அங்கே அது நடக்காது. நிற்கும்போதே ஒரு பெடல் மேலே இருக்கிற மாதிரி நிறுத்தப் பழகு.

அந்தப் பிரேக் பின் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் இருக்கிறது. ஹப்பின் இடது பக்கத்தில் ஒரு பட்டைக் கம்பி நீண்டு, ஃபிரேமின் கீழ்க்குழாயோடு ஒரு கிளிப்பால் பூட்டியிருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வருகிற விசையை அதுதான் தாங்குகிறது. பழைய வண்டிகளில் இந்தக் கிளிப் தொலைந்துபோய்க் கம்பி சும்மா தொங்கும். அப்படி இருந்தால் தெருக்கோடி வரைகூட ஓட்டிப் பார்க்காதே. கிளிப் விலை சொற்பம்தான், முதலில் அதை மாட்டு.

அடுத்தது செயின். அது கழன்றால் பின் பிரேக்கும் கூடவே போய்விடும். நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆடட்டும், அதற்கு மேல் வேண்டாம். ஸ்கேல் வைத்து அளந்தும் பார்த்துவிடு. புதுச் செயினில் 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வரும். அதில் 1/8 அங்குலம் கூடியிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்று.

கலிஃபோர்னியாவில், ஓக்லாந்தில் உன் தெரு ஏற்ற இறக்கம் என்று சொல்லியிருக்கிறாயே, அதுதான் என் மனதை உறுத்துகிறது. உனக்கு வடக்கே மரின் கவுண்டியில் 1976ல் பழைய க்ரூஸர்களை மலை இறக்கத்தில் ஓட்டிப் பந்தயம் நடத்தினார்கள். ஒரே இறக்கத்தில் ஹப் சூடேறி கிரீஸ் புகைந்துவிடும். ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் வைத்தால்தான் அடுத்த ஓட்டம். உன் வண்டிக்குள்ளும் அதே ஏற்பாடுதான். அதனால் முன் சக்கரத்துக்கு ஒரு கைப் பிரேக் கட்டாயம் வேண்டும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தோள்பட்டையில் துளை இருக்கிறதா என்று பார்த்துச் சொல். டயர் தடிமன் என்பதால் நீளக் கை உள்ள பிரேக்காகக் கேட்டு வாங்கு. இரும்பு ரிம் மழையில் வழுக்கும், ஈரத்தில் முன்கூட்டியே பிடி.

பெடல்கள் மாட்டியிருக்கும் க்ராங்கைப் பிரித்து கிரீஸ் வைப்பதை நீயே செய்யலாம். 1949ல் நம் பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தார் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் வண்டிகளில்தான் நான் தொழில் கற்றேன். அதில் க்ராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பான காட்டர் பின்னைத் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். உன்னுடையதில் இரண்டு காலும் ஒரே துண்டாக வளைத்த இரும்பு. முதலில் இடது பெடலைக் கழற்று, அப்புறம் இடது பக்க நட்டு, அப்புறம் பால்ரஸை அழுத்திப் பிடிக்கும் கோன். மூன்றுமே கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். மற்ற நட்டு மாதிரி நினைத்து எதிர்ப்பக்கம் முறுக்கினால் இன்னும் இறுகிவிடும். பால்ரஸை மண்ணெண்ணெயில் கழுவு, வீட்டுக்கு வெளியே வைத்துச் செய். குழி விழுந்தது ஒன்று இருந்தாலும் மொத்த செட்டையும் மாற்று. க்ராங்கு தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆடக் கூடாது. அந்த இடத்தைக் கையால்தான் உணர முடியும். உனக்கு அந்தக் கை உண்டு.

துருவுக்கு ஆச்சி பித்தளைக் குடம் தேய்க்கிற புளியே போதும். நிக்கல் பூசிய பாகங்களில் அலுமினியத் தாளை ஈரப்படுத்தித் தேய். எதைத் தேய்த்தாலும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவிவிடு.

நம் ஊர் நெருஞ்சி கலிஃபோர்னியாவிலும் பரவியிருக்கிறது, அதே செடி, அதே முள். பஞ்சர் ஒட்டியதும் டயரின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பார்த்த பிறகே டியூபைப் போடு. காற்று எவ்வளவு என்று டயர் ஓரத்திலேயே அச்சடித்திருக்கும்.

ஹப்பைப் பிரிக்கும் நாளில் வீடியோவில் கூப்பிடு. இங்கே நடுராத்திரியானாலும் சரி, நான் விழித்திருப்பேன். கைப் பிரேக் பூட்டும் வரை சமதளத்திலேயே ஓட்டு.

அன்புடன்,
அப்பா
பள்ளத்தூர்